அரசு போட்ட கோடு

பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகும் கறுப்பினக் குழந்தைகளில் பெரும்பாலோர் தனித்தே படித்தார்கள். ஏன்? கல்விக் கொள்கையை ஆராய்ந்துவந்த ரிச்சர்ட் ராத்ஸ்டைன், பள்ளிக்கு வெளியே குடியிருப்பில் விடை தேடினார். 2017-இல் 'தி கலர் ஆஃப் லா' நூலாக வந்தது அந்த விடை.

1934-இல் தொடங்கிய கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம், கறுப்பர் பகுதிகளில் வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தர மறுத்தது. நியூயார்க் அருகே லெவிட்டவுனுக்கு உத்தரவாதம் தந்தது. கறுப்பருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. உலகப் போரிலிருந்து திரும்பிய கறுப்பின வீரருக்கும் அங்கே வீடில்லை. வெள்ளையரின் வீடு விலையேறி, பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமானது. 1968-இல் சட்டம் கதவைத் திறந்தது. விலையோ எட்டாத உயரத்துக்குப் போனது.

'தானாக அமைந்த பிரிவினை' என்ற சாக்கை ராத்ஸ்டைன் உடைத்தார். ஒதுக்கியது அரசு என்றால் ஈடுசெய்ய வேண்டியதும் அரசே. அது சலுகை அல்ல, கடன்.