புல்லை மரமாக்கிய சட்டம்

கூடையைப் பற்றி எழுதுவோர் பின்னலின் அழகைச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். மூங்கில் யாருடையது என்று கேட்பதில்லை. நாம் அங்கிருந்து தொடங்குவோம்.

கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. முன்பு சேலம் மாவட்டம். அங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை, ராகி விளைவித்துத் தொம்பையில் சேமித்தார்கள். மூங்கில் பிளாச்சால் பின்னி, மண்ணும் சாணமும் பூசிய குதிர் அது. சேகோ ஆலைகளுக்காக மரவள்ளி பரவியபோது சாமைக்காடு சுருங்கியது. தொம்பைக்கும் வேலை குறைந்தது.

சமவெளியில் கூடையும் முறமும் பின்னியவர்களில் முக்கியமானவர்கள் குறவர்கள். ஊரார் நெல்லைப் புடைத்தது அவர்கள் பின்னிய முறத்தில். நெல் விளைந்த நிலம் அவர்களுடையதாக இருக்கவில்லை.

இரு மக்களுக்கும் பொதுவானது மூங்கில். தாவரவியலில் அது புல். 1882ஆம் ஆண்டின் மதராஸ் வனச் சட்டமோ அதை ‘மரம்’ என்ற சொல்லுக்குள் அடக்கியது. காப்புக்காட்டில் அனுமதியின்றி மூங்கில் வெட்டுவது குற்றமானது. 1911ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் குறவர் பிரிவுகள் பலவற்றின்மீது பாய்ந்தது. ஒரு சட்டம் பொருளைப் பறித்தது; இன்னொன்று ஆளையே குற்றவாளியாகப் பதிந்தது. போலீஸ் அனுமதியின்றி ஊர் தாண்ட முடியாதவர் எந்தச் சந்தையில் கூடை விற்பார்?

குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் ஒழிந்தது. வனச் சட்டம் நிலைத்தது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறுவனப் பொருளாக ஏற்று, அதைச் சேகரித்து விற்கும் உரிமையைக் காட்டில் வாழ்வோருக்கு அளித்தது. தமிழ்நாட்டில் 2008இல் வந்த உயர் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் உரிமைப் பத்திரங்கள் முடங்கின. 2016இல்தான் உச்ச நீதிமன்றம் அதை விலக்கியது. 2017இல் மத்திய அரசு 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தைத் திருத்தி, ‘மரம்’ என்பதன் விளக்கத்திலிருந்து மூங்கிலை நீக்கியது. தமிழ்நாட்டில் நடப்பிலிருப்பதோ அந்த 1882ஆம் ஆண்டுச் சட்டம்.

மலையாளிகள் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள்; கிராம சபை வழியாக உரிமை கோரலாம். குறவர்களில் ஒரு பகுதியினர் இங்கே பட்டியல் சாதியினர். பழங்குடிப் பட்டியலில் இல்லாதவர் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், காட்டைச் சார்ந்து அங்கே வாழ்ந்ததை நிறுவ வேண்டும். ஊர் ஊராக விரட்டப்பட்டவர் எந்த ஆவணத்தைக் காட்டுவார்? ஒரே மூங்கிலை நம்பிய இரு மக்களைப் பட்டியல் பிரித்து வைத்திருக்கிறது. நம் இயக்கங்களும் அந்தப் பிரிவுக்குள் தனித்தனியே நிற்கலாகாது.

மாணவத் தோழர்களே, கைவினைக் கண்காட்சியில் கூடையைப் பாராட்டுங்கள். பின்னியவரிடம் மூங்கில் எங்கே கிடைத்தது, என்ன விலை கொடுத்தார் என்றும் கேளுங்கள். அந்தப் பதில்களைத் தொகுத்தால் நம் கோரிக்கை மனு தயார்.