நெடுவில்லின் வலிமை

1545ஆம் ஆண்டு யூலை மாதம் 19ஆம் நாள், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போட்ஸ்மவுத் துறைமுகத்துக்கு அண்மையில், எட்டாம் ஹென்றி மன்னனின் போர்க்கப்பல்களுள் ஒன்றாகிய 'மேரி றோஸ்' பிரெஞ்சுக் கடற்படையை எதிர்க்கச் சென்றவிடத்துச் சாய்ந்து மூழ்கிற்று. அதிலிருந்தோருள் உயிர் தப்பியோர் மிகச் சிலரே. 437 ஆண்டுகள் கடலடிச் சேற்றிற் புதைந்து கிடந்த அக்கப்பலின் உடற்பகுதி 1982ஆம் ஆண்டு ஒக்டோபர் 11ஆம் நாள் மேலே கொணரப்பட்டது. அதனுள் இருந்த பொருள்களுள் அறிஞரைப் பெரிதும் வியப்பில் ஆழ்த்தியவை 170க்கு மேற்பட்ட விற்களும் 3,500க்கு மேற்பட்ட அம்புகளுமாம்.

வியப்புக்குக் காரணம் உண்டு. ஆங்கிலேயரின் நெடுவில்லைப் பற்றி வரலாற்றேடுகள் நிறையப் பேசினவாயினும், முழுமையான போர்வில் கண்ணாற் காணக் கிடைத்தது மிக அரிது. இப்பொழுதோ, வில்லாளன் கைபட்ட விற்களே வெளிவந்துவிட்டன. அவை ஆறடிக்கு மேற்பட்ட நீளமுடையன. அவற்றை முழுதும் வளைப்பதற்கு 100 முதல் 180 இறாத்தல் வரையிலான விசை வேண்டுமென்றும், பலவற்றுக்கு 150 இறாத்தலளவு வேண்டுமென்றும் ஆய்வாளர் கணித்தனர். இக்காலத்தில் விளையாட்டுக்காக வில் எய்வோர் 50 இறாத்தல் வில்லையே வலிய வில் எனக் கொள்வர். 150 இறாத்தல் என்பது பெரிய அரிசி மூடை ஒன்றின் நிறை. அந்நிறைக்கு ஈடான விசையை விரல்களால் இழுத்துக் காதளவு கொணர்ந்து, ஒருமுறையன்று, பலமுறை எய்தல் சாதாரண மனிதனுக்கு எங்ஙனம் இயன்றது?

முதலில் வில்லினை நோக்குவோம். நெடுவில் பெரும்பாலும் யூ என்னும் மரத்தினாற் செய்யப்பட்டது. அம்மரத்தின் வெளிப்புறத்து வெண்மரம் இழுபடும்பொழுது முறியாது நீளும் இயல்பினது. உள்ளிருக்கும் வைரமோ நெருக்குண்டபொழுது தாங்கி மீளும் இயல்பினது. எனவே வில்செய்வோன் வெண்மரம் வெளிப்புறமாகவும் வைரம் வில்லாளனை நோக்கியும் அமையுமாறு ஒரே கட்டையைச் செதுக்கினான். இருவேறு பொருள்களை ஒட்டிச் செய்தாற் பெறக்கூடிய பயனை இயற்கையே ஒரு மரத்தில் வைத்திருந்தது. ஆயின் நல்ல யூ மரம் இங்கிலாந்திற் போதிய அளவு கிடைக்கவில்லை. அதனால் 1472ஆம் ஆண்டில் நான்காம் எட்வேட் மன்னனின் ஆட்சியில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. யூ மரம் கிடைக்கும் நாடுகளிலிருந்து சரக்கேற்றி வரும் கப்பல்கள் சரக்கின் தொன் ஒன்றுக்கு நான்கு வில்மரங்களையும் கொண்டுவருதல் வேண்டும் என்பதே அச்சட்டம்.

அடுத்தது எய்யும் முறை. மேரி றோஸ் மூழ்கிய அதே 1545ஆம் ஆண்டில் ரொஜர் அஸ்கம் என்னும் அறிஞர் வில்வித்தை பற்றி 'டொக்சோபிலஸ்' என்ற நூலை வெளியிட்டார். நிற்றல், அம்பை நாணிற் பொருத்தல், இழுத்தல், நிறுத்தல், விடுதல் என வித்தையை ஐந்து கூறாக அவர் வகுத்துரைத்தார். அதற்கு நான்காண்டுகளின் பின், 1549இல், ஆறாம் எட்வேட் மன்னனின் முன்னிலையிற் பிரசங்கம் செய்த ஹியூ லற்றிமர் என்னும் சமயப் பெரியார், தம் இளமையில் தந்தையார் வில் பழக்கிய விதத்தை எடுத்துக் கூறினார். கைவலியால் இழுத்தலன்று, உடலின் முழுப்பாரத்தையும் வில்லின்மீது சார்த்துதலே முறை எனத் தந்தையார் கற்பித்தாராம். வயதும் வலுவும் வளர வளர அதற்கேற்ற வில்லையும் வாங்கிக் கொடுத்தாராம்.

இதன் நுட்பம் எளிதில் விளங்கும். வில்லாளன் தன் இடப்புறத்தை இலக்கின் பக்கம் காட்டி நிற்பான். இடக்கை வில்லை முன்னே தள்ள, வலக்கை விரல்கள் நாணைப் பற்றிக் காதுவரை இழுக்கும். அவ்வாறு இழுக்கும்பொழுது புயம் மட்டுமன்றி முதுகும் தோள்களும் இடுப்பும் ஒருங்கே உழைக்கும். அத்தகைய வலிய வில்லை இழுத்தபடியே நெடுநேரம் நிறுத்திக் குறிபார்த்தல் இயலாது. முழுதும் இழுபட்ட சிறுபொழுதில் அம்பு விடப்படல் வேண்டும். மீளும் நாண் முன்கையிற் பட்டுப் புண்படுத்தாதவாறு இடக்கையில் தோற்காப்பு அணிவதும் வழக்கம்.

இப்பயிற்சியின் சுவடு எலும்பிலும் பதிந்திருந்தது. மேரி றோஸ் கப்பலிற் கிடைத்த எலும்புக்கூடுகள் பலவற்றில், வாலிபப் பருவத்தின் முடிவில் ஒன்றுபட வேண்டிய தோள்முனை எலும்பு ஒன்றுபடாமலே இருந்தது. இளமைதொட்டு வலிய வில்லை இழுத்தமையே இதற்குக் காரணமாகலாம் என ஆய்வாளர் கருதுவர்.

அரசும் இப்பயிற்சியை மக்களின் விருப்பத்துக்கு விட்டுவிடவில்லை. 1363இல் மூன்றாம் எட்வேட் மன்னன், விடுமுறை நாள்களில் உடல்வலியுள்ள ஆடவர் வில் பழகவேண்டுமென்றும் பந்தாட்டத்திலும் சேவற்போரிலும் பொழுதுபோக்கலாகாதென்றும் ஆணையிட்டான். 1541ஆம் ஆண்டுச் சட்டமோ, 24 வயது நிரம்பியவர்கள் 220 யாருக்குக் குறைந்த தூரத்து இலக்கை நோக்கி எய்து பழகுதலைத் தடுத்தது.

இனி, அம்பின் வன்மை எத்தகையது? 2019இல் இங்கிலாந்தில் நிகழ்ந்த சோதனையொன்றில், 160 இறாத்தல் வில்லிலிருந்து விடப்பட்ட ஏறத்தாழ 80 கிராம் நிறையுள்ள அம்பு, செக்கனுக்கு 55 மீற்றர் அளவிலான வேகத்துடன் சென்றது. எனினும், பழைய முறைப்படி செய்த நல்ல மார்புக் கவசத்தை அது துளைக்கவில்லை. நெடுவில்லின் அம்பு எக்கவசத்தையும் துளைக்கும் என்ற புகழ்மொழி மிகைபட்டதே என்பது இதனாற் புலனாகும்.

அங்ஙனமாயின் 1415ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் நாள் அஜின்கோட் களத்தில் ஐந்தாம் ஹென்றியின் சிறுபடை பிரெஞ்சுப் பெரும்படையை வென்றது எவ்வாறு? அம்புகள் குதிரைகளைக் காயப்படுத்தின. அவை வெருண்டு தம் படையினரையே மிதித்தன. மழையால் உழுநிலம் சேறாகியிருந்தது. அம்பு மாரிக்கு அஞ்சித் தலைகவிழ்ந்து நடந்த கவச வீரர், முழங்கால் புதையும் சேற்றிற் களைத்து நெருங்கி நின்றனர். வில்லாளர் கோடரியும் சம்மட்டியும் ஏந்தி அவர்மேற் பாய்ந்தனர். கவச வீரனின் நாட்கூலி பன்னிரண்டு பென்சாக இருக்க, இவ்வில்லாளனின் கூலி ஆறு பென்சே. ஆயினும் ஹென்றியின் படையிற் பெரும்பகுதியினர் இவரே. வெற்றியிலும் பெரும்பங்கு இவருடையதே.

காலம் மாறிற்று. துப்பாக்கியைச் சில வாரங்களிற் பழக்கிவிடலாம்; வில்லாளனை உருவாக்கவோ சிறுபராயந்தொட்டுப் பல்லாண்டு வேண்டும். 1595இல் அரச ஆலோசனைச் சபை, பயிற்றப்பட்ட ஊர்ப்படைகளில் வில்லுக்குப் பதிலாகத் துப்பாக்கியைக் கொள்ளுமாறு பணித்தது. தந்தை மைந்தனுக்குப் பழக்கும் வழக்கம் அதற்கு முன்னரே தளர்ந்துவிட்டது. லற்றிமர் அரசன்முன் வருந்தியதும் அதுபற்றியே.

கடல் அவ்விற்களைக் காத்துத் தந்தது. அவற்றை வளைத்த தோள்களை அதனாற் காக்க இயலவில்லை. மரத்தை நானூறாண்டு கழித்தும் மீட்டெடுக்கலாம். பழக்கத்தையோ ஒரு தலைமுறை கைவிட்டால் அடுத்த தலைமுறை முதற்படியிலிருந்தே தொடங்கல் வேண்டும். நெடுவில்லின் வலிமை பாதி யூ மரத்தில் இருந்தது; மறுபாதி விடுமுறை நாள்தோறும் ஊர்ப்புறத் திடல்களில் மைந்தனின் தோளைத் திருத்தி நிறுத்திய தந்தையரின் பொறுமையில் இருந்தது.