'ஒஃப்' எங்கிருந்து வந்தது? வால் இழந்த ஒரு மொழியின் கதை

நம் ஊர்ப் பிள்ளைகள் ஆங்கிலப் பாடத்தைப் பற்றிச் சொல்லும் முறைப்பாடுகளில் முதலிடம் பிடிப்பது இதுதான்: "சேர், இந்த ஒஃப், இன், ஃபோர், டு எல்லாத்துக்கும் ஒரு சட்டமும் இல்ல. பாடமாக்கத்தான் வேணும்." பெற்றோரும் இதை நம்பி விட்டார்கள். பத்தாம் ஆண்டுக்கு வரும்போதே பல பிள்ளைகள் "எனக்கு இங்கிலீஷ் வராது" என்று முடிவெடுத்து விடுகிறார்கள். அந்த முடிவு உயர்தரத்தையும் தாண்டி, தொழில் தேடும் காலம் வரைக்கும் அவர்களைப் பின்தொடர்கிறது.

இந்தச் சின்னச் சொற்களுக்குப் பின்னால் ஆயிரம் வருட வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்து கொண்டால் பயத்தில் பாதி குறையும் என்பது என் நம்பிக்கை. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் தமிழைப் பார்ப்போம். கல், கல்லை, கல்லுக்கு, கல்லின், கற்களின், கற்களுக்கு. ஒரே பெயர்ச்சொல், கடைசியில் ஒட்டும் வால் மட்டும் மாறுகிறது. இந்த வாலைத்தான் வேற்றுமை உருபு என்று ஆறாம் ஏழாம் ஆண்டிலேயே படித்தோம்.

இனி, ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் பேசப்பட்ட பழைய ஆங்கிலத்தைப் பாருங்கள். கல்லுக்கு அவர்கள் சொன்ன சொல் 'ஸ்டான்'. கல்லின் என்பதற்கு 'ஸ்டானெஸ்'. கல்லுக்கு என்பதற்கு 'ஸ்டானெ'. கற்களின் என்பதற்கு 'ஸ்டானா'. கற்களுக்கு என்பதற்கு 'ஸ்டானும்'. நம்மைப் போலவே வால் ஒட்டித்தான் பேசினார்கள்! 'மன்னனின் மகன்' என்பதை 'கினிங்கெஸ் சுனு' என்றார்கள். கினிங் என்றால் மன்னன், 'எஸ்' என்பது நம்முடைய 'இன்', சுனு என்றால் மகன். சொல் வரிசைகூடத் தமிழ் வரிசைதான்.

இன், ஒன், டு போன்ற முன்னிடைச் சொற்கள், அதாவது ப்ரெபொசிஷன்கள், அன்றும் இருந்தன. ஆனால் அவற்றின் பின்னால் வரும் பெயர்ச்சொல்லும் தனக்குரிய வாலோடுதான் வந்தது. யார் யாருடையது என்பதைச் சொல்வது வாலின் வேலை. அந்த வேலைக்கு 'ஒஃப்' தேவைப்படவில்லை.

அப்படியானால் அன்று 'ஒஃப்' என்ன செய்து கொண்டிருந்தது? அதன் பழைய பொருள் "இருந்து", "விட்டு அகன்று" என்பதுதான். இன்று லைட்டை 'ஓஃப்' பண்ணு என்கிறோமே, அந்தச் சொல்லும் இந்த 'ஒஃப்'பும் பிறப்பில் ஒன்றுதான். அழுத்திச் சொன்னால் ஒரு மாதிரி, மெதுவாகச் சொன்னால் ஒரு மாதிரி என்று இருந்த ஒரே சொல், 17ஆம் நூற்றாண்டளவில்தான் எழுத்திலும் உறுதியாக இரண்டாகப் பிரிந்தது.

வால்கள் ஏன் விழுந்தன? மூன்று காரணங்கள் முக்கியமானவை.

ஒன்று, உச்சரிப்பு. ஆங்கிலத்தில் அழுத்தம் பெரும்பாலும் சொல்லின் முதற்பகுதியில் விழுந்தது. கடைசி எழுத்துகள் மெலிந்து கொண்டே போயின. ஆ, உ, எ என்று வெவ்வேறாக இருந்த வால்கள் எல்லாம் ஒரே மங்கிய ஒலியாகி, பிறகு அதுவும் காணாமல் போனது.

இரண்டு, வைக்கிங்குகள். 793இல் லிண்டிஸ்ஃபார்ன் மடாலயத்தைத் தாக்கியதோடு அவர்களின் வருகை தொடங்கியது. பிற்பாடு அவர்கள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறி உள்ளூர் மக்களோடு கலந்து வாழ்ந்தார்கள். இரு தரப்பினரின் மொழிகளும் உறவு மொழிகள். கல்லுக்கு இவர்கள் 'ஸ்டான்' என்றால் அவர்கள் 'ஸ்டெய்ன்' என்றார்கள். அடிச்சொல் விளங்கியது, வால்தான் வேறுபட்டது. சந்தையில் பேரம் பேசுபவனுக்கு விளங்குகிற அடிச்சொல் போதும், விளங்காத வால் எதற்கு? வால்கள் முதலில் தேய்ந்தது இந்த வட, கிழக்குப் பகுதிகளில்தான் என்பதால், இந்தக் கலப்பும் ஒரு காரணம் எனப் பல மொழியியலாளர்கள் கருதுகிறார்கள்.

மூன்று, பிரெஞ்சு. 1066இல் நோர்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றினார். அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு அமர்ந்தது. ஆங்கிலம் வயலிலும் சமையற்கட்டிலும் கிடந்தது. பிரெஞ்சில் 'மன்னனின் மகன்' என்று சொல்வதற்கு வால் கிடையாது. 'மகன்' முதலில் வரும், நடுவில் 'து' என்ற சிறிய சொல், கடைசியில் 'மன்னன்'. வால் தேய்ந்து தடுமாறிக் கொண்டிருந்த ஆங்கிலத்துக்கு இது நல்ல முன்மாதிரியாக அமைந்தது. பழைய 'ஒஃப்' அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது: 'த சன் ஒஃப் த கிங்'.

மாற்றத்தின் வேகத்தைப் பாருங்கள். ஆய்வாளர்களின் ஒரு கணக்கெடுப்பின்படி, 'இன்னாருடைய இன்னது' என்று சொல்லும் இடங்களில் 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'ஒஃப்' நூற்றுக்கு ஒன்று கூட இல்லை. 12ஆம் நூற்றாண்டில் நூற்றுக்கு ஆறு. 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முப்பத்தொன்று. 14ஆம் நூற்றாண்டில் எண்பத்து நான்கு!

அந்த 14ஆம் நூற்றாண்டில்தான், 1362இல், நீதிமன்றங்களில் ஆங்கிலத்தில் வழக்காடச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் எழுதப்பட்ட மொழி பிரெஞ்சு. முந்நூறு வருடம் தன் சொந்த நாட்டிலேயே படிக்காதவன் மொழி என்று ஒதுக்கப்பட்ட மொழி அது. இன்று அதே மொழியில் ஒரு 'ஒஃப்' தவறியதற்காக நம் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு வால் மட்டும் முற்றாக விழவில்லை. 'ஸ்டானெஸ்' என்பதில் இருந்த 'எஸ்' இன்றும் 'கிங்ஸ் சன்' என்பதில் உயிரோடு இருக்கிறது. இன்று அது பெரும்பாலும் மனிதர், விலங்கு, காலம் ஆகியவற்றோடு வருகிறது: 'த போய்ஸ் பேக்', 'டுடேய்ஸ் பேப்பர்'. உயிரற்ற பொருளின் பகுதி என்றால் பெரும்பாலும் 'ஒஃப்' வருகிறது: 'த லெக் ஒஃப் த டேபிள்'.

இந்த வரலாறு நம் பிள்ளைகளின் பிழைகளை எப்படி விளக்குகிறது?

முதலாவது, வரிசை. தமிழில் உடையவர் முன்னால், உடைமை பின்னால். 'ஒஃப்' வந்தால் இது தலைகீழாகும். 'பரீட்சைத் திணைக்களம்' என்பது 'டிபார்ட்மன்ட் ஒஃப் எக்ஸாமினேஷன்ஸ்'. பெறுபேறு வரும் காலத்தில் எல்லார் வாயிலும் அடிபடும் இன்னொரு பெயர் 'கொமிஷனர் ஜெனரல் ஒஃப் எக்ஸாமினேஷன்ஸ்'. இதில் பிரெஞ்சின் இரண்டு தடங்கள் இருக்கின்றன. ஒன்று 'ஒஃப்' வரிசை. மற்றது, 'ஜெனரல்' என்ற அடைமொழி பெயருக்குப் பின்னால் நிற்பது. நாம் 'ஆணையாளர் நாயகம்' என்று சொல்லும்போது அந்த வரிசையைத் தமிழிலும் பின்பற்றுகிறோம்.

மத்ரஸாவில் ஓதும் பிள்ளைகளுக்கு இந்தத் தலைகீழ் வரிசை புதிதல்ல. 'தாருல் உலூம்' என்றால் கல்விகளின் இல்லம். இல்லம் முன்னால், கல்வி பின்னால். 'ஹவுஸ் ஒஃப்' என்று தொடங்கும் ஆங்கில வரிசையும் இதுவே. இன்னொரு ஒற்றுமையும் உண்டு. ஏட்டு அரபியில் கிதாபு, கிதாப, கிதாபி என்று கடைசி ஒலி மாறும். பேச்சு அரபியில் அந்த ஒலிகள் உதிர்ந்து விட்டன. வளைகுடாவில் வேலை செய்தவர்கள் 'அஸ்ஸய்யாரா ஹக் அல்முதீர்' என்று கேட்டிருப்பீர்கள், மேலாளருடைய வாகனம். அந்த 'ஹக்' செய்யும் வேலைதான் 'ஒஃப்' செய்யும் வேலை. வால் உதிர்ந்த மொழிக்கு ஊன்றுகோலாக ஒரு தனிச்சொல் வருவது ஆங்கிலத்தில் மட்டும் நடந்த கதை அல்ல.

இரண்டாவது, அளவு. தமிழில் 'ஒரு கிலோ அரிசி', 'ஒரு கப் தேத்தண்ணி'. நடுவில் உருபே இல்லை. அதனால்தான் பிள்ளை 'வன் கப் டீ' என்று எழுதுகிறது. ஆங்கிலத்தில் அங்கே 'ஒஃப்' வேண்டும்: 'அ கப் ஒஃப் டீ'.

மூன்றாவது, பெயர்ச்சொல்லோடு சேர்ந்தே வரும் துணைச்சொற்கள். இங்கே தமிழ் பல இடங்களில் கை கொடுக்கும். கேள்வி'க்கு' விடை: 'ஆன்சர் டு'. ஆங்கிலத்'தில்' ஆர்வம்: 'இன்ட்ரஸ்ட் இன்'. எல்லா இடத்திலும் பொருந்தாது. காரணம் என்பதற்கு 'ரீசன் ஃபோர்', ஆனால் 'கோஸ் ஒஃப்'. பொருந்தாத இடங்களை மட்டும் தனியாக எழுதிப் பாடமாக்கினால் போதும். முழுப் பட்டியலையும் உருப்போட வேண்டியதில்லை.

நான்காவது, 'இன்ஸ்டெட் ஒஃப்', 'ஒன் பிஹாஃப் ஒஃப்' போன்ற நீண்ட தொடர்கள். பிள்ளைகள் மிரள்வது இவற்றைக் கண்டுதான். உடைத்துக் காட்டுங்கள். 'ஸ்டெட்' என்றால் பழைய ஆங்கிலத்தில் இடம். ஒருவருடைய இடத்தில் என்பதே அவருக்குப் பதிலாக என்று ஆனது. 'பிஹாஃப்' என்பதில் இருக்கும் 'ஹாஃப்' பக்கம் என்ற பொருளில் வந்தது. ஒருவர் பக்கமாக நின்று பேசுவதை நாமும் 'சார்பில்' என்கிறோம். 'பிகோஸ் ஒஃப்' என்பதில் 'கோஸ்' என்ற காரணம் வெளிப்படையாகவே நிற்கிறது. உள்ளே ஒரு பெயர்ச்சொல், இரு பக்கமும் துணைக்குச் சின்னச் சொற்கள், அவ்வளவுதான்.

ஆகவே பெற்றோரிடமும் சக ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். "அதுக்குச் சட்டம் இல்ல" என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். உன் தாய்மொழியில் பின்னால் ஒட்டுகிற உருபுதான் இங்கே கழன்று முன்னால் வந்து நிற்கிறது என்று சொல்லுங்கள். வீட்டுச் சாமான்கள், கடைப் பெயர்ப்பலகைகள், பத்திரிகைத் தலைப்புகள் என்று தினம் ஐந்து தொடர்களை எடுத்து, தமிழில் எந்த உருபு, ஆங்கிலத்தில் எந்தச் சொல் என்று கேளுங்கள். கதவின் கைப்பிடி, சுவரில் விரிசல், கடைக்குப் போகும் பாதை. ஒரு கொப்பியும் பென்சிலும் போதும், டியூஷன் காசு தேவையில்லை.

தமிழின் எட்டு வேற்றுமைகளையும் பிழையில்லாமல் பேசுகிற பிள்ளைக்கு, வால் இழந்த ஒரு மொழியின் ஊன்றுகோல்களைப் பிடித்து நடக்க முடியாதா என்ன?