பெரிய கழகத்துக்கு ஒரு தண்டனை, சின்னக் கழகத்துக்கு ஒரு தண்டனையா?

கொஞ்சம் நீண்ட பதிவு. உதைபந்தாட்டத்தில் விருப்பமில்லாதவர்களும் வாசிக்கலாம். பந்தைவிட வழக்குத்தான் இதில் அதிகம்.

கடந்த வாரம் தரம் 10 வகுப்பில் வரலாற்றுப் பாடம் முடிந்து ஐந்து நிமிடம் மிச்சம் இருந்தது. பின்வரிசையில் இருக்கும் ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: "சேர், எவர்ட்டனுக்கு பத்து பொயின்ட் வெட்டினாங்க. சிட்டிக்கு நூறுக்கு மேல குற்றச்சாட்டு. அவங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு நாள்?"

அவன் சொன்ன தகவல் சரிதான். மான்செஸ்டர் சிட்டி மீது பிரீமியர் லீக் குற்றச்சாட்டுகளை வெளியிட்டது 2023 பெப்ரவரியில். எவர்ட்டன் மீது அடுத்த மாதம். எவர்ட்டனுக்கு அந்த வருடம் நவம்பரிலேயே 10 புள்ளிகள் வெட்டப்பட்டன. மேன்முறையீட்டில் அது 6 ஆனது. சிட்டியின் விசாரணை ஆரம்பித்ததே 2024 செப்டெம்பரில். சிட்டி எல்லாவற்றையும் மறுக்கிறது, அதன் வழக்கு பல வருடக் கணக்குகளைத் தோண்டுகிற பெரிய வழக்கு, அதனால் நாள் எடுக்கிறது என்று விளங்கப்படுத்தினேன்.

"அப்ப பெரிசா செஞ்சா லேட்டாகும், சின்னதா செஞ்சா உடனே அடி. அப்படியா சேர்?"

வகுப்பே சிரித்தது. மணி அடித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். இங்கிலாந்தை விட்டுவிட்டு நமக்குப் பக்கத்தில் நடந்த ஒரு வழக்கை முதலில் பார்ப்போம்.

2012 டிசம்பர் 9. கொல்கத்தா சோல்ட் லேக் மைதானம். ஐ-லீக்கில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதுகின்றன. இந்த இரண்டு கழகமும் மோதும் நாளில் அந்த ஊரில் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி. முதல் பாதி முடியும் தறுவாயில் ஈஸ்ட் பெங்கால் ஒரு கோல் போட்டது. நடுவரோடு தகராறு செய்த மோகன் பகானின் முன்னணி வீரர் ஒடாஃபாவுக்கு சிவப்பு அட்டை. கூட்டத்திலிருந்து கல் பறந்தது. ஒரு கல் மோகன் பகான் வீரர் ரஹீம் நபியின் முகத்தில் பட்டது. இடைவேளைக்குப் பிறகு மோகன் பகான் மைதானத்துக்குத் திரும்பவில்லை. வீரர்களுக்குப் பாதுகாப்பில்லை என்றது கழகம்.

அந்தப் பயத்தை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. 1980 ஓகஸ்ட் 16இல் ஈடன் கார்டனில் இதே இரண்டு கழகங்கள் ஆடியபோது நடந்த கலவரத்தில் 16 ரசிகர்கள் உயிரிழந்தார்கள். ஆனால் விதி வேறு விடயம். ஆட்டத்தை நிறுத்துவதா இல்லையா என்பதை நடுவர்தான் முடிவு செய்ய வேண்டும், ஓர் அணி அல்ல. ஓய்வுபெற்ற நீதியரசர் அசோக் குமார் கங்குலி விசாரித்தார். அவருடைய முடிவு கழகத்துக்கு எதிராக வந்தது. டிசம்பர் கடைசியில் இரண்டு வருடத் தடை அறிவிக்கப்பட்டது.

யாருக்குத் தடை என்று பாருங்கள். 1889இல் தொடங்கிய கழகம். 1911இல் ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதிப் போட்டியில் கிழக்கு யோர்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று தோற்கடித்த அணி. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சப்பாத்துப் போட்டு விளையாட, இவர்களில் பெரும்பாலானோர் வெறுங்காலோடு விளையாடினார்கள். வங்காளத்தில் அந்த வெற்றியைச் சுதந்திரப் போராட்டக் கணக்கில்தான் இன்றும் எழுதுகிறார்கள். அந்தக் கழகம் இல்லாமல் ஒரு லீக்கா?

இல்லை என்பதுதான் பதிலாக வந்தது. மூன்று வாரம்கூட ஆகவில்லை. 2013 ஜனவரி 15ஆம் திகதி அகில இந்திய உதைபந்தாட்ட சம்மேளனத்தின் நிறைவேற்றுக் குழு கூடித் தடையை நீக்கியது. அதற்குப் பதிலாக 2 கோடி இந்திய ரூபா தண்டப்பணம். அந்தப் பருவத்தில் அதுவரை எடுத்த புள்ளிகள் பூச்சியம். அதே மோகன் பகான் 2015 மே மாதம் ஐ-லீக் சாம்பியன் ஆனது.

சம்மேளனத்தை மட்டும் திட்டுவது சுலபம். அதன் நிலைமையையும் பார்க்க வேண்டும். மகிந்திரா யுனைட்டெட் 2010இல் அணியைக் கலைத்துவிட்டது. பஞ்சாபின் ஜே.சி.டி. 2011இல் கலைத்தது. கழகங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலத்தில், மைதானத்தை நிரப்பக்கூடிய ஒரு கழகத்தை வெளியே அனுப்ப யாருக்குத் துணிவு வரும்? ஓர் அரசாங்கம் திருடனைச் சிறையில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். லீக்குக்கு அந்த வசதி இல்லை. குற்றவாளியும் நாளைக்கு வந்து விளையாடினால்தான் லீக் நடக்கும், டிக்கெட் விற்கும், தொலைக்காட்சி வரும். தீர்ப்புச் சொல்பவனுடைய சோறு குற்றம் செய்தவனுடைய அடுப்பில் வேகிறது. அதனால்தான் "வெளியே போ" என்று ஆரம்பித்த தீர்ப்பு "காசைக் கட்டு" என்று முடிகிறது.

இது ஒருமுறை நடந்த விபத்தல்ல. 2015 ஐ.எஸ்.எல். இறுதிப் போட்டியில் சென்னையின் எஃப்.சி. கோவாவை 3-2 என்று வென்றது. அதன் பிறகு நடந்த குழப்பத்துக்காகக் கோவாவுக்கு 11 கோடி ரூபா தண்டமும் 15 புள்ளி வெட்டும் விதித்தார்கள். மேன்முறையீட்டில் புள்ளி வெட்டு போய்விட்டது, தண்டமும் குறைந்தது. 2023 மார்ச்சில் பெங்களூரில் சுனில் செத்ரி மேலதிக நேரத்தில் அவசரமாக அடித்த ஃப்ரீ கிக் கோல் ஆனதும், கேரளா பிளாஸ்டர்ஸ் பயிற்றுநர் இவான் வுகோமனோவிச் தன் அணியை வெளியே அழைத்துக்கொண்டு போய்விட்டார். கழகத்துக்கு 4 கோடி ரூபா தண்டம், தடை இல்லை. ஆனால் பயிற்றுநருக்கு 10 போட்டித் தடை. இந்தக் கடைசி வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதை வாசிக்கும்போது நம்மில் பலருக்கு மக்ஸூமி கோத்திரத்துப் பெண்ணின் சம்பவம் நினைவுக்கு வரும். உயர்ந்த குலத்துப் பெண் திருடிவிட்டாள். குறைஷியர் தயங்கி, நபி (ஸல்) அவர்களுக்கு மிகவும் பிரியமான உஸாமா (ரலி) அவர்களைச் சிபாரிசுக்கு அனுப்பினார்கள். நபியவர்கள் கோபப்பட்டார்கள். பெரியவன் செய்தால் விட்டுவிடுவதும் எளியவன் செய்தால் பிடித்துக்கொள்வதும்தான் முன்னைய சமூகங்களை அழித்தது என்று எச்சரித்தார்கள். தம் சொந்த மகளாக இருந்தாலும் தீர்ப்பு மாறாது என்றார்கள். ஜும்ஆவில் நாம் அடிக்கடி கேட்கும் பகுதி இது. அதில் இன்னொன்றும் இருக்கிறது, அதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை: தண்டனை அந்தப் பெண்ணுக்குத்தான். அவளுடைய கோத்திரத்தின் பிள்ளைகளை யாரும் தொடவில்லை.

நம் நாட்டுக் கதை இங்கேதான் வருகிறது. 2023 ஜனவரியில் இலங்கை உதைபந்தாட்ட சம்மேளனத்தின் தேர்தல் தொடர்பான இழுபறியில், மூன்றாம் தரப்புத் தலையீடு என்று சொல்லி பீஃபா இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் கடைசி வரை தடை. பிழை நாற்காலிக்குச் சண்டை பிடித்தவர்களுடையது. இழப்பு யாருக்கு? ஜூனில் பெங்களூரில் நடந்த தெற்காசியக் கிண்ணத்தில் நம் வீரர்கள் இல்லை. வெளியிலிருந்து குவைத்தும் லெபனானும் வந்து விளையாடின.

இந்தியாவையும் 2022 ஓகஸ்டில் இதே காரணத்துக்காக இடைநிறுத்தினார்கள். இரண்டு வாரத்துக்குள் தடை நீங்கிவிட்டது. உச்ச நீதிமன்றம் வேகமாகச் செயற்பட்டது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். அக்டோபரில் 17 வயதுக்குட்பட்ட பெண்களின் உலகக் கிண்ணம் இந்தியாவில் நடக்கவிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. நமக்கு அப்படி அவசரப்படுத்த ஒரு உலகக் கிண்ணம் இல்லை. அந்த இரண்டு வாரத்திலும் அடிபட்டவர்கள் இருந்தார்கள். ஆசியக் கழகப் போட்டிக்காகத் தாஷ்கெண்ட் போய் இறங்கியிருந்த கோகுலம் கேரளா பெண்கள் அணி, பந்தைத் தொடாமலே திரும்பி வந்தது.

தனிமனிதரைத் தண்டிக்க பீஃபாவுக்குத் தெரியாது என்றும் இல்லை. நம் சம்மேளனத்தின் நீண்டகாலத் தலைவரும் பீஃபா நிறைவேற்றுக் குழு உறுப்பினருமாக இருந்த மணிலால் பெர்னாண்டோவுக்கு 2013இல் ஒழுக்க விதி மீறலுக்காக 8 வருடத் தடை விதித்தது. மேன்முறையீட்டில் அது ஆயுள் தடையாகியது. அங்கே நாடு தண்டிக்கப்படவில்லை, ஆள் தண்டிக்கப்பட்டார்.

இப்போது எனக்கு ஏன் சிரிப்பு வரவில்லை என்பதற்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் இங்கே பாடசாலைகளுக்கிடையிலான ஒரு சுற்றுப்போட்டியில் ஒழுக்காற்றுக்கென்று மூன்று ஆசிரியர்கள் கொண்ட குழு இருந்தது. மூவரில் நான் ஒருவன். ஒரு சின்னப் பாடசாலையின் 16 வயதுக்குட்பட்ட அணி, பெனால்டி கொடுத்தது பிழை என்று மைதானத்தை விட்டு வெளியேறியது. கைகாட்டி அழைத்தவர் அவர்களுடைய பொறுப்பாசிரியர். நாங்கள் அந்த அணிக்கு ஒரு வருடத் தடை போட்டோம். கடிதம் நாலு வரி. விதி விதிதான் என்று நான்தான் அதிகம் பேசினேன். யாரும் சிபாரிசுக்கு வரவில்லை. அடுத்த வருடம் வயது கடந்துவிடும் என்பதால் ஐந்தாறு பிள்ளைகளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அவர்களில் ஒருவன் அன்றைக்குக் காய்ச்சலில் வீட்டில் இருந்தவன், மைதானத்துக்கே வரவில்லை.

அடுத்த பருவத்தில் ஒரு பெரிய பாடசாலை அதையே செய்தது. பெயர் வேண்டாம். அது இல்லாவிட்டால் இறுதிப் போட்டிக்குக் கூட்டம் வராது, அனுசரணை தந்த கடைக்காரர்கள் பின்வாங்குவார்கள் என்று பேச்சு வந்தது. எச்சரிக்கைக் கடிதத்தோடு முடித்தோம். அதிலும் என் கையெழுத்து இருக்கிறது. அன்றைக்கு மோகன் பகான் கதை எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியும்.

காய்ச்சலில் இருந்த பிள்ளையை அண்மையில் உட்துறைமுக வீதியில் கண்டேன். இப்போது வேலைக்குப் போகிறான். ஸலாம் சொல்லி, "சேர், டீம் எப்படி?" என்று கேட்டான். அந்தத் தடையைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அடுத்த மாதம் சுற்றுப்போட்டி விதிகளைத் திருத்தக் கூடுகிறோம். இரண்டு வரி எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று, அணியை வெளியே அழைக்கும் பெரியவருக்குத்தான் தடை. பிள்ளைகளுக்கு அந்த ஆட்டத்தின் தோல்வி மட்டும். இரண்டு, எந்தப் பாடசாலை என்று பெயர் தெரியாமல், நடந்ததை மட்டும் தாளில் வைத்து, வேறு வலயத்து ஆசிரியர்கள் மூவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இரண்டாவது நடைமுறைக்கு வருமா என்று எனக்கே சந்தேகம், ஏனென்றால் இந்த ஊரில் எந்த ஆட்டத்தில் என்ன நடந்தது என்பது மஃரிபுக்கு முன் எல்லோருக்கும் தெரிந்துவிடும். கிண்ணியா, மூதூர், டவுன் பக்கம் போட்டி நடத்திப் பழகியவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். கூட்டத்துக்கு எடுத்துப் போகிறேன்.