அடிஸ் அபாபாவும் காபூலும்: வைட்டமின் டி, நிமோனியா

அடிஸ் அபாபாவில் வெயிலுக்கு என்ன பஞ்சம்? நிலநடுக்கோட்டுக்கு ஒன்பது டிகிரி வடக்கேதான் இருக்கு. ஆனாலும் அந்த ஊர்க் குழந்தைகளிடம் ரிக்கெட்ஸ் சர்வசாதாரணம். கைக்குழந்தையைத் துணியில் சுற்றி வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால், வெளியே எவ்வளவு வெயில் அடித்து என்ன பயன்?

வெயில் இல்லாவிட்டால் எலும்பு வளையும் என்பது பழைய சங்கதி. முதல் உலகப்போர் முடிந்த கையோடு வியன்னாவுக்குப் போன ஹாரியட் சிக், மீன் எண்ணெயாலும் வெயிலாலும் ரிக்கெட்ஸைத் தடுக்கவும் குணப்படுத்தவும் முடியும் என்று அங்கிருந்த குழந்தைகளிடம் காட்டினார். 1922இல் மெக்காலம் அந்தச் சத்தைத் தனியாக அடையாளம் கண்டார். ஏ, பி, சி ஏற்கெனவே போய்விட்டதால் 'டி' என்று பெயர் வந்தது.

நுரையீரல் கதை அதற்கப்புறம். 1997இல் லான்செட் இதழில் லுலு முஹே குழுவினரின் ஆய்வு வந்தது. அடிஸ் அபாபாவில் நிமோனியாவோடு வந்த 500 குழந்தைகளில் 210 பேருக்கு ரிக்கெட்ஸ். நிமோனியா இல்லாத 500 பேரில் வெறும் 20. வீட்டு நெரிசல், தாய்ப்பால் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் சுமார் 13 மடங்கு வித்தியாசம் நின்றது. முதல் தடவை படித்தபோது ஏதோ அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன்.

காரணம் சொல்வதும் சுலபம். விலா எலும்பு மெத்தென்று இருந்தால் மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உள்வாங்கும். தசையும் பலவீனம், இருமிச் சளியை வெளியே தள்ள முடியாது. இது போதாதென்று, கிருமியைக் கொல்லும் ஒரு புரதத்தை உடம்பு தயாரிக்க வைட்டமின் டி உதவுகிறது என்று 2006இல் தெரிந்ததும் எல்லோருக்கும் நம்பிக்கை ஏறிவிட்டது.

அடுத்த களம் காபூல். 2010இல் வந்த முதல் ஆய்வில், நிமோனியாவுக்குச் சிகிச்சை பெற்ற 453 குழந்தைகளில் பாதிப்பேருக்கு ஒரே வேளையாக ஒரு லட்சம் யூனிட் கொடுத்தார்கள். 90 நாளுக்குள் திரும்ப நிமோனியா வந்தது டி வாங்கியவர்களில் 45 சதவீதம், மற்றவர்களில் 58. சரி, கேஸ் முடிஞ்சுது என்றுதானே தோன்றும்?

முடியவில்லை. மனாசெகி-ஹாலண்ட் தலைமையிலான அதே குழு 3,046 கைக்குழந்தைகளை எடுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே அளவை 18 மாதம் கொடுத்துப் பார்த்தது. முடிவு 2012இல் வந்தது. எக்ஸ்ரேயில் உறுதியான முதல் நிமோனியா, டி வாங்கியவர்களில் 260, போலி மருந்து வாங்கியவர்களில் 245. பலன் இல்லை. தங்கள் பழைய முடிவுக்கே எதிரான இதை அவர்கள் மறைக்காமல் வெளியிட்டதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம்.

அப்போ அடிஸ் அபாபா தப்பா? அப்படி எனக்குத் தோன்றவில்லை. அங்கே எண்ணியது எலும்பே வளைந்துபோன குழந்தைகளை. காபூலில் மருந்து போனது அந்த வட்டாரத்துக் கைக்குழந்தைகள் எல்லோருக்கும். இரண்டும் வேறு கேள்வி. அதோடு, அடிக்கடி நோய்ப்படும் குழந்தையைத் தாய் இன்னும் இறுக்கமாகச் சுற்றி உள்ளேயே வைப்பாள். எது முதலில் வந்தது என்று ஒரே ஒரு நாள் பார்த்துச் சொல்ல முடியாது.

மொத்தமாகக் கொடுத்ததுதான் பிரச்சினை, தினமும் கொஞ்சம் கொடுத்தால் பலிக்கும் என்றது 25 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்த 2017ஆம் ஆண்டு அலசல். புதிய சோதனைகள் சேரச் சேர அந்தப் பலனும் மெலிந்துகொண்டே வருகிறது. ரிக்கெட்ஸ் வந்த குழந்தைக்கு டி கொடுப்பதில் மட்டும் எந்தச் சந்தேகமும் கிடையாது. அது வியன்னாவிலேயே தீர்ந்த விஷயம்.