டாக்கோ பிறந்த தெரு

சில வருடங்களுக்கு முன்னர் கலிபோர்னியாவில் வசிக்கும் பல்கலைக்கழகக் கால நண்பர் ஒருவரின் வீட்டில் தங்கியிருந்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு வெளியே போகலாம் என்று முடிவானபோது, "பெரிய ஹோட்டல் ஒண்டும் வேண்டாம் மச்சான். பக்கத்திலை ஒரு மெக்சிக்கன் கடை இருக்குது. எங்கட நாக்குக்கு அதுதான் சரி" என்றார் அவர்.

அது ஆடம்பரம் எதுவுமில்லாத ஒரு சிறிய உணவகம். உட்கார்ந்து ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. நாம் கேட்காமலேயே ஒரு கூடை நிறையச் சூடான சோளப் பொரியலும் அரைத்த தக்காளி மிளகாய்ச் சட்னியும் மேசைக்கு வந்துவிட்டன. அதற்குக் காசு கிடையாது. பின்னர் வந்தது எமது ரொட்டியின் உறவுக்காரி என்று சொல்லத்தக்க டோர்ட்டியா. பக்கத்தில் அவரைக் குடும்பத்துப் பயறுக் கறியும் சிவந்த சோறும். பக்கத்து மேசையில் பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஒரு முழுக் குடும்பம். ஊரில் கலியாண வீட்டுக்குப் போனது போன்ற ஓர் உணர்வு எனக்கு.

எங்கட நாக்குக்குச் சரி என்று நண்பர் சொன்னதற்குச் சரித்திரக் காரணம் உண்டு. நாம் பரம்பரைச் சொத்தாக நினைக்கும் மிளகாய், மெக்சிக்கோ மண்ணில் ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்னர் பயிராக்கப்பட்டது. போர்த்துக்கேயர் நமது கரைகளுக்கு வரும்வரை நமது சமையலறைகளில் காரம் என்றால் மிளகுதான். தக்காளியும் சோளனும் அதே திசையிலிருந்து வந்தவையே.

சாப்பாட்டின் நடுவே, டாக்கோவைக் கண்டுபிடித்தவர் டாக்கோ பெல் நிறுவனத்தைத் தொடங்கிய பெல் என்பவர்தானே என்று கேட்டேன். நண்பர் சிரித்துவிட்டு, "நீ ஒரு பத்திரிகைக்காரன், தேடிப் பாரன்" என்றார். தேடினேன். கிடைத்த கதை, ஒரு பத்திரிகையாளன் என்ற வகையில் என்னை நீண்ட நாட்கள் யோசிக்க வைத்தது.

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். அமெரிக்காவின் தென்மேற்கில் மெக்சிக்கோ உணவு வந்தேறிய உணவல்ல. கலிபோர்னியாவும் அதைச் சூழ்ந்த பெரும் நிலப்பரப்பும் மெக்சிக்கோவுக்குச் சொந்தமாக இருந்தவை. யுத்தத்தில் தோற்று, 1848ஆம் ஆண்டு செய்துகொண்ட குவாடலூப்பே ஹிடால்கோ உடன்படிக்கையின் மூலமே அவை அமெரிக்காவிடம் கைமாறின. அங்கிருந்த மக்கள் தமது சொந்த ஊரிலேயே அந்நியராயினர். அவர்களது அடுப்புகள் மட்டும் அப்படியே எரிந்துகொண்டிருந்தன.

அந்த அடுப்புகள் முதலில் தெருவுக்கு வந்த இடங்களுள் ஒன்று டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்ரோனியோ. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நகரத்துச் சதுக்கங்களில் மாலையானதும் மெக்சிக்கப் பெண்கள் மேசை போட்டு, விளக்கேற்றி, மிளகாயிட்டுச் சமைத்த இறைச்சியை விற்றனர். "சில்லி ராணிகள்" என்று அவர்களுக்குப் பட்டம். 1893இல் சிக்காகோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் சான் அன்ரோனியோவின் பெயரில் ஒரு சில்லிக் கடையே இருந்தது. ஆனால் மிளகாய்த் தூளைப் போத்தலில் அடைத்துப் பெரும் வியாபாரமாக்கியவர் ஜேர்மனியிலிருந்து வந்து குடியேறிய வில்லியம் கெப்ஹார்ட். 1930களில் சுகாதார விதிகள் இறுக்கப்பட்டபோது ராணிகள் படிப்படியாகச் சதுக்கங்களிலிருந்து அகற்றப்பட்டனர். கெப்ஹார்ட்டின் பெயரைப் போத்தல்கள் காத்தன. அந்தப் பெண்களில் மிகப் பெரும்பாலானோரின் பெயர்களைக் காக்க எதுவும் இருக்கவில்லை.

இந்தக் கதையின் அடுத்த கட்டம் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ நகரில் நிகழ்ந்தது. மக்டொனால்ட்ஸ் பிறந்ததும் இதே நகரத்தில்தான் என்பது குறிப்பிடத்தக்கது. மெக்சிக்க மக்கள் செறிந்து வாழ்ந்த பகுதியூடாகச் செல்லும் மவுண்ட் வேர்னன் வீதியில், 1937ஆம் ஆண்டு மிட்லா கஃபே என்ற உணவகம் தொடங்கப்பட்டது. அதனைத் தொடங்கியவர் லூசியா ரொட்ரிகஸ் என்ற பெண்மணி. மெக்சிக்கோவின் ஒஹாக்கா மாநிலத்திலுள்ள புராதன நகரம் ஒன்றின் பெயரே மிட்லா. அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த 66ஆம் இலக்க நெடுஞ்சாலை அவ்வழியே சென்றதால் வழிப்போக்கர்களும் வந்தனர். எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்த டோர்ட்டியாவை மடித்து, அதற்குள் அரைத்த மாட்டிறைச்சியும் சீஸும் சலாது இலையும் தக்காளியும் வைத்துக் கொடுத்தார்கள். அதுதான் அந்தக் கடையின் டாக்கோ.

அந்நாட்களில் நகரசபைக்குச் சொந்தமான நீச்சல் குளத்தில் மெக்சிக்க வம்சாவளியினருக்குச் சம உரிமை இருக்கவில்லை. அமெரிக்கப் பிரஜைகளாயினும் அதே நிலைதான். அவர்களது பிள்ளைகள் இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கச் சீருடை அணிந்து போராடிக்கொண்டிருந்த காலம் அது. இந்த அநீதியை எதிர்க்க 1943இல் ஒன்றுகூடியவர்களுக்குச் சபா மண்டபம் எதுவும் கிடையாது. அவர்கள் மிட்லா கஃபேயின் மேசைகளைச் சுற்றி அமர்ந்தே திட்டம் வகுத்தனர்.

வழக்கின் முதல் மனுதாரரின் பெயரைப் படித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. இக்னாசியோ லோப்பஸ், "எல் எஸ்பெக்டடோர்" என்ற ஸ்பானிய மொழிப் பத்திரிகையின் ஆசிரியர். அவரோடு ஒரு மதகுருவும் மாணவர்களும் மனுதாரர்களாயினர். நீச்சல் குளத்தை மறுப்பது அரசியலமைப்பு உறுதிசெய்த சமத்துவத்துக்கு முரணானது என்று சமஷ்டி நீதிபதி லியோன் யாங்க்விச் 1944ஆம் ஆண்டு தீர்ப்பளித்தார். அதே வழக்கறிஞர் டேவிட் மார்கஸ், பாடசாலைகளில் மெக்சிக்கப் பிள்ளைகளைப் பிரித்துவைத்ததற்கு எதிரான மென்டெஸ் வழக்கை அடுத்து நடத்தினார். அதுவும் 1947இல் மேல்முறையீட்டிலும் வென்றது. கறுப்பினப் பிள்ளைகளுக்காக 1954இல் கிடைத்த புகழ்பெற்ற பிரவுண் தீர்ப்புக்குச் சென்ற பாதையில் இவை முன்னோடிப் படிகள்.

இனி பெல்லின் கதைக்கு வருவோம். கிளென் பெல் அதே வீதியில் மிட்லா கஃபேக்கு எதிரே ஹொட் டோக்கும் ஹம்பர்கரும் விற்ற இளைஞர். எதிர்க்கடையில் மக்கள் வரிசையாக நிற்பதைக் கவனித்தார். அங்கு சென்று டாக்கோவைச் சாப்பிட்டுச் சாப்பிட்டுப் பார்த்தார். கடைசியில் அது எப்படிச் செய்யப்படுகிறது என்பதைக் கடைக்காரர்களே அவருக்குக் காட்டினர் என்று அக்குடும்பத்தார் கூறியதை, கஸ்தாவோ அரெல்லானோ 2012இல் வெளிவந்த தமது நூலில் பதிந்திருக்கிறார். 1950களின் தொடக்கத்தில் பெல் தமது டாக்கோவை 19 சதத்துக்கு விற்கத் தொடங்கினார். 1962இல் டௌனி நகரில் முதலாவது டாக்கோ பெல் திறக்கப்பட்டது. 1978இல் 868 கடைகளோடு அது பெப்சி நிறுவனத்தின் வசமாகியது.

பொரித்த ஓட்டை முன்கூட்டியே செய்து வைக்கும் உபாயமும் பெல்லுக்கு மட்டும் உரியதல்ல. நியூயோர்க்கில் உணவகம் நடத்திய ஹுவென்சியோ மல்டொனாடோ என்ற மெக்சிக்கர், டாக்கோ ஓடுகளைப் பொரிக்கும் கருவிக்கு 1950ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றிருந்தார்.

நான் பெல்லைக் கள்வர் என்று சொல்ல வரவில்லை. சமையல் என்பது ஒருவரைப் பார்த்து ஒருவர் படிப்பது. நமது கொத்துரொட்டியும் அப்படி வளர்ந்ததுதான். தெருவின் ஒரு பக்கக் கடைக்கு உலகப் பெயரும் பெருஞ்செல்வமும் கிடைத்தன. மறுபக்கத்தில் உணவோடு சேர்த்து உரிமையும் சமைக்கப்பட்டது. ஆனால் உலகம் முதலாவதை மட்டுமே அறிந்து வைத்திருக்கிறது. அந்த அறியாமையில் எனக்கும் பங்கிருந்தது.

மிட்லா கஃபே இன்றும் அதே வீதியில் அக்குடும்பத்தாராலேயே நடத்தப்படுகிறது.

இதை எழுதும்போது எமது ஊர்ச் சந்தியில் இருந்த தேநீர்க் கடையை நினைத்துக்கொள்கிறேன். அதிகாலையில் பத்திரிகை வந்ததும் ஒருவர் உரத்து வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். வாசிகசாலைக்கு விளக்கு வேண்டும் என்ற மனுவும், வீதிக்குத் தார் போடவேண்டும் என்ற மனுவும் அங்கேதான் எழுதப்பட்டன. நான் பத்திரிகைக்காரனாக வேண்டும் என்ற ஆசையும் அந்த வாங்கில்தான் பிறந்தது. யுத்தத்தின்போது ஊர் இடம்பெயர்ந்தது. கடை தரைமட்டமாயிற்று. கடைக்காரரை நாம் எல்லோரும் "அண்ணை" என்றே அழைத்தோம். முப்பது வருடங்கள் எழுதித் தள்ளிய நான், அவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. அவரது முழுப் பெயரை இப்போது ஊராரிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.