பறந்தது யாருடைய விமானம்? இந்திய விமான நிறுவனங்களின் வீழ்ச்சி வரலாற்றில் ஓர் இழை

2019 கோடையில் சில போயிங் 737 விமானங்கள் இந்திய வானில் இரண்டு அடையாளங்களோடு பறந்தன. உடலில் ஸ்பைஸ்ஜெட் என்ற பெயர் இருந்தது. ஆனால் அந்த நிறுவனத்தின் சிவப்பு வண்ணம் முழுதாக இல்லை. அவசரமாகப் பூசிய வெள்ளைக்கு நடுவே ஜெட் ஏர்வேஸின் பழைய சாயல் எட்டிப் பார்த்தது. சில வாரங்களுக்கு முன்புவரை ஜெட்டில் பறந்த அதே விமானங்கள்தான் அவை. அவசரத்தில் இருக்கும் பயணி இதைக் கவனித்திருக்க வாய்ப்பில்லை. விமானங்களைத் தேடித் தேடிப் படமெடுப்பவர்களும், பதிவெண்ணைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பவர்களும் பார்த்த கணத்திலேயே கண்டுகொண்டார்கள்.

இந்த ஆர்வலர்கள் நிறுவனத்தின் பின்னால் போவதில்லை, விமானத்தின் பின்னால் போகிறார்கள். ஒரு விமானம் நாடு மாறினால் அதன் பதிவெண் மாறிவிடும். இந்தியாவில் இருக்கும்வரை அது 'விடி' என்று தொடங்கும். தொழிற்சாலையில் இட்ட வரிசை எண்ணோ அந்த விமானம் உடைக்கப்படும் நாள்வரை மாறாது. பிரிட்டனில் 1948-இல் தோன்றிய ஏர்-பிரிட்டன் போன்ற சங்கங்கள் பல்லாண்டுகளாக இந்த எண்களைத் தொகுத்து வருகின்றன. ஒரு நிறுவனத்தின் கதையை ஆண்டறிக்கையை வைத்து எழுதலாம்; வரிசை எண்களை வைத்தும் எழுதலாம். இரண்டாவது கதையில்தான் மறைப்பதற்கு இடம் குறைவு. எந்த விமானம் எத்தனை நாளாக ஒரே இடத்தில் நிற்கிறது, எதன் இறக்கைக்குக் கீழே இயந்திரம் இல்லை என்பதை வேலிக்கு வெளியே நின்றே பார்த்துவிடலாம்.

அந்த வழியில் போனால் ஒரு கேள்வி முன்னால் வந்து நிற்கிறது. இந்தியாவில் ஒரு விமான நிறுவனம் விழும்போது அதன் விமானங்கள் எங்கே போகின்றன?

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் விட்டுச்சென்ற டக்ளஸ் டகோட்டா விமானங்கள் இந்தியாவில் மலிவாகக் கிடைத்தன. கையில் கொஞ்சம் முதல் இருந்தவர்கள் அவற்றை வாங்கி நிறுவனம் தொடங்கினார்கள். உரிமம் தாராளமாகக் கிடைத்தது. பயணிகள் அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை. 1932-இல் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்குத் தபால் கொண்டுவந்த டாட்டாவின் சிறு நிறுவனம் இதற்குள் ஏர் இந்தியாவாக வளர்ந்திருந்தது. அதோடு டெக்கான் ஏர்வேஸ், பாரத் ஏர்வேஸ், பிஜு பட்நாயக்கின் கலிங்கா ஏர்லைன்ஸ் என்று பல நிறுவனங்கள் அந்தக் குறைந்த பயணிகளுக்காகப் போட்டியிட்டன. 1949-இல் பம்பாய், கல்கத்தா, டெல்லி, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் கிளம்பிய தபால் விமானங்கள் நாக்பூரில் கூடி, மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் திரும்பின. அழகான ஏற்பாடு அது. ஆனாலும் அந்த வருமானம் பல நிறுவனங்களின் நட்டத்தை ஈடுகட்டவில்லை.

1953-இல் விமானக் கழகங்கள் சட்டம் வந்தது. எட்டு நிறுவனங்களின் உள்நாட்டுச் சேவைகள் இந்தியன் ஏர்லைன்ஸ் என்ற ஒரே கழகத்துக்குள் சேர்ந்தன. அதற்குக் கிடைத்த 99 விமானங்களில் 74 டகோட்டாக்கள். பெரும்பாலான நிறுவனங்களின் பெயர்கள் ஒரே நாளில் அழிந்தன. விமானங்களோ அதே ஓடுதளங்களில், பெரும்பாலும் அதே விமானிகளின் கையில் தொடர்ந்து பறந்தன. காரணம் எளிது. அவை அந்த நிறுவனங்களின் சொந்தச் சொத்து. வெளிநாட்டிலிருந்து யாரும் வந்து உரிமை கேட்கவில்லை.

அடுத்த நாற்பது ஆண்டுகள் இந்திய வானில் அரசு மட்டுமே. 1990-களின் தொடக்கத்தில் 'ஏர் டாக்ஸி' என்ற பெயரில் தனியாருக்குக் கதவு கொஞ்சம் திறந்தது. 1994-இல் பழைய சட்டம் நீக்கப்பட்டது. ஈஸ்ட்-வெஸ்ட், டமானியா, மோதிலுஃப்ட், சஹாரா, ஜெட் எனப் பலர் வந்தார்கள். இம்முறை மலிவான போர்க்கால மிச்சம் இல்லை. புது ஜெட் விமானத்தின் விலை பல கோடி. ஆகவே குத்தகைதான் வழி. மோதிலுஃப்ட் தன் பங்காளியான லுஃப்தான்சாவிடமிருந்து போயிங் 737-200 விமானங்களைக் குத்தகைக்கு எடுத்தது. அவற்றின் வண்ணமும் ஏறக்குறைய அந்த ஜெர்மன் நிறுவனத்தின் வண்ணமே. பணத் தகராறு முற்றியதும் 1996-இல் பறப்பு நின்றது. அதே காலத்தில் ஈஸ்ட்-வெஸ்ட் நிறுவனர் தகியுத்தீன் வாஹித் 1995 நவம்பரில் பம்பாயில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே நிறுவனமும் மூடப்பட்டது.

சென்னைக்கும் இந்த அத்தியாயத்தில் பங்கு உண்டு. காற்றாலைத் தொழிலில் பெயரெடுத்த என்.இ.பி.சி. குழுமம் ஃபோக்கர் எஃப்-27 விமானங்களோடு சிறு நகரங்களை இணைக்க முனைந்தது. 1995-இல் டமானியாவையும் வாங்கி 'ஸ்கைலைன் என்.இ.பி.சி.' என்று பெயர் மாற்றியது. தன் நிறுவனத்தையே நிலைநிறுத்தாத ஒரு குழுமம் நட்டத்தில் இருந்த இன்னொன்றையும் தோளில் ஏற்றிக்கொண்டது. 1997-இல் இரண்டும் நின்றுபோயின. இந்தத் தவறு பிறகும் பலமுறை நடந்தது: 2007-இல் ஜெட், சஹாராவை 1,450 கோடி ரூபாய்க்கு வாங்கியது, அதே ஆண்டு கிங்ஃபிஷர், கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கானில் பெரும் பங்கைப் பிடித்தது.

2005 தொடங்கி வந்த அலையில் குத்தகைக்கு ஒரு புதிய வடிவம் சேர்ந்தது. அதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு நிறுவனம் நூறு விமானங்களுக்கு ஒரே மூச்சில் ஆர்டர் கொடுக்கிறது. தயாரிப்பாளர் பெரிய தள்ளுபடி தருகிறார். விமானம் கைக்கு வரும் நாளன்றே அதைக் குத்தகை நிறுவனத்துக்குச் சந்தை விலைக்கு விற்று, அதையே வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். தள்ளுபடி விலைக்கும் விற்ற விலைக்கும் இடையிலான தொகை உடனே கையில் ரொக்கமாகிறது. 2006-இல்தான் பறக்கத் தொடங்கிய இண்டிகோ, 2005-லேயே நூறு ஏர்பஸ் ஏ320 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது; இந்த முறையை அது கட்டுப்பாட்டோடு பயன்படுத்தி வளர்ந்தது. அந்தக் கட்டுப்பாடு இல்லாத இடத்தில் இதே முறை விஷமாகும். புது விமானம் வந்துகொண்டே இருக்கும்வரை ரொக்கம் வரும். விமானம் வருவது நின்றால் வாடகை மட்டும் மிஞ்சும். அதுவும் டாலரில்.

வாடகையோடு கதை முடிவதில்லை. இயந்திரம் பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் பராமரிப்புக்கென ஒரு தொகையைக் குத்தகை நிறுவனத்திடம் கட்டிவர வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போது எந்த உறுப்பு எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு முழுப் பதிவேடு வேண்டும். பதிவேடு இல்லாத உறுப்பு எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் மதிப்பிழந்துவிடும். பணத் தட்டுப்பாட்டில் சிக்கிய நிறுவனம் முதலில் உதிரி உறுப்பு வாங்குவதைத் தள்ளிப்போடும். பிறகு நிற்கும் விமானத்திலிருந்து கழற்றிப் பறக்கும் விமானத்தில் பொருத்தும். ஒரு விமானம் வாரக்கணக்கில் ஒரே மூலையில் நிற்பதைப் பார்த்ததும் ஆர்வலர்கள் கவலைப்படத் தொடங்குவது இதனால்தான். பங்குச் சந்தைக்கு அந்தச் சேதி பெரும்பாலும் பிறகே வரும்.

கிங்ஃபிஷரில் இது கண்ணெதிரே நடந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட விமானங்களை வைத்திருந்த நிறுவனம் 2012 செப்டம்பரில் ஏறக்குறைய பத்து விமானங்களில் வந்து நின்றது. மாதக்கணக்கில் சம்பளம் வராத பொறியாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அக்டோபரில் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. வங்கிகள் தங்கள் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தபோது பிடிமானமான விமானங்கள் இல்லை. கடனுக்கு ஈடாக ஏற்றுக்கொண்டவற்றில் முக்கியமானது 'கிங்ஃபிஷர்' என்ற பெயர். அந்தப் பெயரை 2016-இல் ஏலம் விட்டபோது கேட்க ஆளில்லை. பெரிய வங்கிகள் இப்படி ஒரு பெயரை நம்பிப் பொதுப்பணத்தைக் கொடுத்தது, இந்த வரலாற்றில் மன்னிக்கவே முடியாத பகுதி.

கிங்ஃபிஷருக்கு முன்பே, அமைதியாக விழுந்தது பாரமவுண்ட். மதுரைத் துணி ஆலைக் குழுமம் 2005-இல் தொடங்கிய அந்த நிறுவனம், எம்ப்ரேயர் விமானங்களில் முழுக்க முழுக்க வணிக வகுப்பு இருக்கைகளோடு தென்னக நகரங்களை இணைத்தது. துணிச்சலான முயற்சிதான். குத்தகை நிறுவனத்துடன் வந்த தகராறு சென்னை உயர் நீதிமன்றம்வரை போனது. விமானங்கள் கைவிட்டுப் போக, 2010-இல் சேவை நின்றது.

இதற்கிடையே உலக அளவில் விதி மாறியிருந்தது. 2001-இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் கையெழுத்தான ஒப்பந்தம், வாடகை கட்டாத நிறுவனத்திடமிருந்து விமானத்தை விரைவில் மீட்கும் உரிமையைக் குத்தகை நிறுவனத்துக்குத் தந்தது. இந்தியா 2008-இல் அதில் சேர்ந்தது; ஆனால் அதை நடைமுறைப்படுத்தும் தனிச்சட்டம் இயற்றவில்லை. கிங்ஃபிஷர் விமானங்களை மீட்க வந்தவர்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தின் படியேற நேர்ந்தது. 2015-இல் விமான விதிகள் திருத்தப்பட்டன. அதன்படி, முறையான அங்கீகாரப் பத்திரத்தோடு குத்தகை நிறுவனம் கேட்டால் ஐந்து வேலை நாள்களில் பதிவை நீக்க வேண்டும். அப்போது திணறிக்கொண்டிருந்த ஸ்பைஸ்ஜெட்டின் விமானங்கள் மீது அந்த ஆண்டே இது பாய்ந்தது. 2014 டிசம்பரில் எண்ணெய் நிறுவனங்கள் எரிபொருள் தர மறுத்ததால் ஒரு நாள் முடங்கிய நிறுவனம் அது. சென்னையைச் சேர்ந்த கலாநிதி மாறனின் பங்குகள் அஜய் சிங்கிடம் போனபின் பிழைத்துக்கொண்டது.

ஜெட் ஏர்வேஸுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. 2019 பிப்ரவரியிலிருந்து, வாடகை பாக்கியால் மேலும் சில விமானங்கள் நிறுத்தப்பட்டன என்று அது பங்குச் சந்தைக்கு அறிவித்துக்கொண்டே இருந்தது. 120 விமானங்கள் இருந்த நிறுவனம் ஏப்ரல் நடுவில் ஐந்தில் வந்து நின்றது. அந்த மாதமே அதன் ஒரு போயிங் 777-ஐ ஆம்ஸ்டர்டாமில் கடன்காரர் ஒருவர் பிடித்துவைத்தார். ஏப்ரல் 17 இரவு அமிர்தசரஸிலிருந்து மும்பைக்கு வந்தது கடைசி விமானம். குத்தகை விமானங்களின் பதிவு மளமளவென்று நீக்கப்பட்டது. சில வாரங்களில் அவற்றில் பல வேறு பெயரில் பறந்தன. கட்டுரையின் தொடக்கத்தில் வந்த இரட்டை அடையாள விமானங்கள் அவைதான். புதிய விதி சொன்னபடி வேலை செய்தது. ஜூன் 20-இல் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் வழக்கை ஏற்றபோது, காப்பாற்ற வேண்டிய நிறுவனத்தில் விமானங்கள் மிகக் குறைவு.

2023-இல் சக்கரம் மறுபக்கம் சுழன்றது. வாடியா குழுமத்தின் கோ ஃபர்ஸ்ட், பிராட் அண்ட் விட்னி இயந்திரங்களின் கோளாறால் ஏறக்குறைய பாதி விமானங்கள் முடங்கிவிட்டன என்று சொல்லி மே 2-ஆம் தேதி தானாகவே திவால் மனு போட்டது. மே 10-இல் மனு ஏற்கப்பட்டதும், யாரும் எதையும் மீட்டெடுக்க முடியாதபடி திவால் சட்டத்தின் தடைக்காலம் அமலுக்கு வந்தது. 54 விமானங்களும் நின்ற இடத்திலேயே நின்றன. பறக்காத விமானத்துக்குப் பராமரிப்பு குறைவு என்று நினைப்பது தவறு. இயந்திரத்தை ஈரத்திலிருந்து காக்க வேண்டும், சக்கரங்களைச் சுழற்றி வைக்க வேண்டும், துளைகளை மூட வேண்டும். உறுப்புகள் காணவில்லை என்று குத்தகை நிறுவனங்கள் நீதிமன்றத்தில் முறையிட்டன. அக்டோபரில் அரசு விமானங்களுக்குத் தடைக்காலத்திலிருந்து விலக்கு அறிவித்தது. 2024 ஏப்ரல் 26-இல்தான் பதிவை நீக்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஏறக்குறைய ஓராண்டுக் காத்திருப்பின் விலையை மற்ற இந்திய நிறுவனங்கள்தான் சுமக்க நேரிடும். ஆபத்து கூடிய நாட்டில் எந்தக் குத்தகை நிறுவனமும் பழைய வாடகையைக் கேட்பதில்லை. 2025 ஏப்ரலில் நாடாளுமன்றம் விமானப் பொருள்கள் மீதான உரிமைகளைக் காக்கும் சட்டத்தை நிறைவேற்றி, கேப்டவுன் ஒப்பந்தத்துக்கு முழு வலுவைத் தந்தது. பதினேழு ஆண்டுகள் தாமதமானாலும் தேவையான சட்டம்.

இந்தச் சட்டத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். திவால் சட்டத்தின் 53-ஆவது பிரிவின்படி, நிறுவனம் கலைக்கப்படும்போது தொழிலாளர்களின் 24 மாத பாக்கி, ஈடு பெற்ற கடன்காரர்களுக்குச் சமமான இடத்தில் நிற்கும். நல்ல விதிதான். ஆனால் பங்கிடுவதற்குச் சொத்து வேண்டும். குத்தகை விமானம் அந்தக் கணக்கில் சேராது. அது முன்பே வேறு நாட்டுப் பதிவெண்ணோடு கிளம்பிப் போயிருக்கும். ஜெட் ஊழியர்கள் தங்கள் வருங்கால வைப்பு நிதிக்காகவும் பணிக்கொடைக்காகவும் உச்ச நீதிமன்றம்வரை வழக்காடினார்கள். 2024 நவம்பர் 7-இல் அந்த நீதிமன்றம் ஜெட்டைக் கலைக்க உத்தரவிட்டபோது கடைசி விமானம் இறங்கி ஐந்தரை ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குள் அந்த 737 விமானங்கள் புது வண்ணத்தில் பல ஆயிரம் மணி நேரம் பறந்து முடித்திருந்தன. அவற்றின் புதிய பதிவெண்கள் ஆர்வலர்களின் குறிப்பேடுகளில் பழைய எண்களுக்கு அடுத்த வரியில் ஏறிவிட்டன. அவற்றை ஓட்டியவர்களும் பழுதுபார்த்தவர்களும் தங்கள் கணக்கு தீர்வதற்காக அப்போதும் காத்திருந்தார்கள்.